உதட்டுக் கோடுகளை அழிக்கப் போய் மீசையோடு திரும்பினேன்

சிங்கப்பூரில் தீபாவளி நெருங்குகிறது. கடைத்தொகுதி வாசலில் உங்கள் கையிலும் அந்தத் துண்டுத்தாளைத் திணிப்பார்கள். "உதட்டுச் சுருக்கம் நீக்கும் சிகிச்சை, முதல் முறை 38 வெள்ளி மட்டும்" என்று அதில் இருந்தால், உள்ளே நுழையும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு அந்த 38 வெள்ளி 2,480 வெள்ளியில் போய் நின்றது. கோடுகள் போகவில்லை. மேலுதட்டில் கறுப்புப் பட்டை ஒன்று வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

எனக்கு 54 வயது. 17 ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்தில் உதவியாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஆசிரியர் தினத்தன்று தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் வாண்டு ஒன்று என்னைப் படம் வரைந்து கொடுத்தது. வாயைச் சுற்றிச் சூரியக் கதிர்கள் போல நேர்நேராகக் கோடுகள். பிள்ளை பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறது. என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. வெற்றிலை மெல்லும்போது அவர் வாய், இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையைப் போலவே சுருங்கி விரியும். அம்மாவிடம் பார்த்து ரசித்தது என் முகத்துக்கு வந்தபோது ரசிக்கவில்லை.

அந்த அழகு நிலையத்தில் என்னை உட்கார வைத்துப் பேசிய பெண் தமிழ்ப்பெண். "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அறைக்குள் படுக்க வைத்து, முதல் வேலையாக என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு வாயைச் சுற்றிக் களிம்பு பூசி, அது காயும்வரை உதட்டை அசைக்கக் கூடாது, அசைத்தால் புதிதாகக் கோடு விழும் என்றாள். முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு பேக்கேஜ் பற்றிப் பேசினாள். பத்து முறை செய்தால்தான் பலன், இன்றே சேர்ந்தால்தான் பாதி விலை, கருவி வெளிநாட்டுக் கருவி. நான் எதைக் கேட்பது? வாய்தான் பூட்டியிருக்கிறதே. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நம் தலையாட்டலில் ஆம் எது, இல்லை எது என்று நமக்கே சில நேரம் தெரியாது. அவள் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டாள்.

எழுந்ததும் பில் தயாராக இருந்தது. கண்ணாடி அடுத்த அறையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டதும் தருகிறேன் என்றாள். எழுத்து மங்கலாகத் தெரிய, கோடு இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். 1,000 வெள்ளியை வங்கி அட்டை வழியாக நெட்ஸில் கட்டினேன், மிச்சம் கடன் அட்டையில் தவணை. வீட்டுக்கு வந்து ரசீதைப் படித்தபோதுதான் அதில் "மூலிகை முகப் பராமரிப்பு, 10 முறை" என்று மட்டும் இருப்பதைப் பார்த்தேன். உதடு என்ற சொல்லே இல்லை. அப்போதே போய் நின்றிருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்பார்களே!

இரண்டாம் முறை போனபோது களிம்பு இல்லை, ஏதோ தண்ணீர் போன்ற திரவம். பஞ்சில் நனைத்து மேலுதட்டில் ஒற்றினாள். மிளகாய் அரைத்த கையால் தடவியது போல எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். மூன்றாம் நாள் தோல் உரிந்தது, பொருக்குத் தட்டியது. அது உதிர்ந்த இடத்தில் மீசை வைத்தாற்போல ஒரு கறுப்பு. பேருந்தில் பிள்ளைகள் கேட்காத கேள்வியில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பலதுறை மருந்தகத்துக்குப் போக, அங்கிருந்து மாண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். அமிலத்தால் தோலை உரித்திருக்கிறார்கள் என்றார் அந்த மருத்துவர். நம்மைப் போன்ற மாநிறமும் கறுப்பும் உள்ள தோல் புண்பட்டால், ஆறும்போது நிறமியைக் கூடுதலாகச் சுரந்து கறுத்துவிடுமாம். வெளுத்த தோலில் சில நாள் சிவந்துவிட்டுப் போவது நம்மிடம் மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் நம் தோலுக்கு அமிலமோ லேசரோ செய்யும்போது அளவு தெரிந்த கை வேண்டும். என் தோலைத் தொட்ட கைக்கு அந்தத் திரவத்தின் பெயராவது தெரியுமா என்பதே சந்தேகம்.

பிறகு அவர் ஒன்று கேட்டார்: "நீங்கள் பேருந்தில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்?" கதவருகே, இடது சன்னலோரம் என்றேன். இடது பக்கக் கோடுகள்தான் ஆழமாக இருக்கின்றன என்று கண்ணாடியில் காட்டினார். வெயிலில் தோலைச் சுட்டெரிக்கும் கதிர்களைச் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆனால் தோலின் அடியில் இருந்து அதைத் தாங்கும் புரதமான கொலாஜனைச் சிதைக்கும் புறஊதா ஏ கதிர் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தாண்டி வருகிறது, மேகமூட்டத்திலும் வருகிறது. பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பிள்ளைகளை வீட்டில் இறக்கும் நேரம் வெயிலின் உச்சம். அதோடு வாயைச் சுற்றி வட்டமாக ஓடும் தசை பேசும்போதும் உறிஞ்சும்போதும் மடிகிறது, மாதவிடாய் நின்றபின் கொலாஜன் விரைவாகக் குறைகிறது. புகைப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். பல் விழுந்து கட்டாமல் விட்டாலும் உதடு உள்வாங்கிச் சுருங்கும். அம்மாவுக்கு அதுவும் சேர்ந்திருக்க வேண்டும்.

அவர் எழுதிக் கொடுத்ததில் பகட்டு எதுவும் இல்லை. காலையில் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30க்கு மேற்பட்ட, தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, நிறமியைத் தூண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் மறைக்குமாம். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கறுப்பு அடங்கியபின் இரவில் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் களிம்பு, முகம் முழுவதற்கும் பட்டாணியளவு, முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள். பலன் தெரிய மாதங்கள் ஆகும், ஆழமான கோடு முழுவதும் மறையாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொடக் கூடாது. என் மகள் வயதில் உள்ளவர்கள் என் களிம்பைக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

இதற்குள் அந்த அழகு நிலையத்தில் புகார் சொல்லப் போயிருந்தேன். அங்கே என்ன நடந்தது தெரியுமா? கறுப்பை மறைக்க ஃபில்லர், அதாவது தோலுக்கடியில் நிரப்பும் ஊசி போட்டுவிடலாம், உங்களுக்காகச் சலுகை விலை, அதே கட்டிலில், இன்றே என்றார்கள். சிங்கப்பூரில் ஃபில்லர், போடாக்ஸ் ஊசியெல்லாம் பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே போடலாம். அழகு நிலையத்தில் போடுவது சட்டவிரோதம். ஊசி மருந்து தப்பித்தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் உதட்டுத் தோலே அழுகிப்போகும், அரிதாகக் கண்பார்வையும் போகும். மருத்துவர் என்று யாராவது சொன்னால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

பணத்துக்கு வருவோம். முதலில் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். அங்கேதான், அந்தச் சங்கமே தரும் கேஸ்டிரஸ்ட் சான்று பெற்ற நிலையமாக இருந்திருந்தால் கையெழுத்திட்ட 5 நாளுக்குள் மனம் மாறிப் பணத்தைக் கேட்டிருக்கலாம் என்று தெரிந்தது. நான் போன இடத்தின் கதவில் அந்தச் சான்று இல்லை. இருந்த பளபளப்பான தங்கச் சட்டங்களை நான் சான்று என்று நினைத்துவிட்டேன். கடிதப் போக்குவரத்துக்குப் பின் 900 வெள்ளி திரும்பி வந்தது. மிச்சத்துக்குப் பதிலாகக் கால் நகப் பராமரிப்பு தருகிறார்களாம்.

ஒத்துக்கொள்ளவில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. எதிர்த்தரப்புக்கும் முடியாது என்பதால் எனக்குப் பயமில்லை. அடுத்த மாதம் 9ஆம் தேதி கூப்பிட்டிருக்கிறார்கள். கறுப்புப் பட்டையை வாரம் ஒருமுறை எடுத்த படங்கள், உதடு என்ற சொல் இல்லாத ரசீது, துண்டுத்தாள் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் வைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் போவேன்.