இடது கையில் கரண்டி: ஓ.டி. கல்வியை மாற்ற மூன்று வழிகள்

பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த ஒரு விவசாயிக்கு, ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.), அதாவது அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் சிகிச்சை, படிக்கும் மாணவனாக இருந்தபோது, இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழக்கினேன். அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் பார்த்தெல் அளவுகோலில், உணவுக்கு முழுசாக 10 மதிப்பெண் போட்டேன். அடுத்த மாதம் அவர் மனைவி வந்து சொன்னார்: "பந்தியில உக்கார மாட்டேங்கறாரு தம்பி. பீச்சாங்கையால திங்கறத நாலு பேரு பாக்கறதுக்கு பட்டினியே கெடக்கறேங்கறாரு."

1965இல் அமெரிக்காவில் வெளியான அந்த அளவுகோலில், வெண்ணெய் தடவ உதவி வேண்டுமா என்பதற்கு இடம் இருக்கிறது. கழுவும் கை, உண்ணும் கை என்ற பாகுபாட்டுக்கு இல்லை.

ஆக்குபேஷனல் தெரபி 1917இல் நியூயார்க் மாநிலத்தில் அமைப்பாகத் திரண்ட துறை. 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் அதற்குப் பள்ளி தொடங்கிய கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து அங்கேயே பயின்றவர். அவர் போட்ட அடித்தளத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மனிதனைப் பற்றித் துறையோடு சேர்ந்து வந்த கணிப்பை நாம் இன்னும் தட்டிப் பார்க்கவில்லை. இதை மாற்ற மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதல் வழி, கோட்பாட்டைத் தொடாமல் உதாரணங்களை மாற்றுவது. முள்கரண்டிக்குப் பதில் சோறு பிசைவது, நாற்காலிக்குப் பதில் தரையில் சம்மணமிடுவது. நாளைக்கே செய்யலாம், செலவில்லை, வெளிநாட்டு வேலைக்குப் போகும் மாணவருக்கும் இடைஞ்சலில்லை. ஆனால் தனியாகச் செய்தால்தான் தேர்ச்சி என்ற அளவு அப்படியே நிற்கும். மருமகள் தண்ணீர் ஊற்றக் குளிக்கும் பாட்டிக்கு மதிப்பெண் குறையும். அவர் வீட்டிலோ அது குறையே இல்லை. சுயபராமரிப்பு, உழைப்பு, ஓய்வு என்று மூன்று பெட்டிகள் கற்பிக்கிறோம். திண்ணையில் கதை பேசிக்கொண்டே முழத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பூக்கட்டும் பெண்ணை எந்தப் பெட்டியில் போடுவது?

இரண்டாவது, வேறொரு கோட்பாட்டைக் கொண்டுவருவது. மைக்கேல் இவாமா ஜப்பானியத் தெரபிஸ்டுகளோடு உருவாக்கி 2006இல் நூலாக்கிய 'கவா' இதில் புகழ்பெற்றது. கவா என்றால் ஆறு. நீரோட்டம் வாழ்க்கை, பாறைகள் தடைகள், கரையும் படுகையும் சூழல், மிதந்துவரும் கட்டைகள் ஒருவரின் குணமும் கைவசம் உள்ளவையும். "உங்க இலக்கு என்ன?" என்றால் விழிப்பவர்கள்கூட, ஆற்றை வரையச் சொன்னால் பேச ஆரம்பிப்பார்கள். ஆனால் நம் வகுப்பறையில் இது ஒரு ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருங்கிவிடுகிறது. தவிர, எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்று சாதி வகுத்த ஊரின் ஆறு, ஜப்பான் ஆறு அல்ல.

மூன்றாவது, படிப்பு தொடங்கும் இடத்தையே மாற்றுவது. பிரேசிலில் 1998இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தொடங்கிய மெதுயா வலையமைப்பு, சமூக ஆக்குபேஷனல் தெரபியை மருத்துவமனைக்கு வெளியே, ஏழை இளைஞர்களிடையே வளர்த்தது. தென்னாப்பிரிக்காவில் 2015இல் கேப்டவுன் பல்கலைக்கழக மாணவர்கள் பிரிட்டிஷ் காலனியவாதி செசில் ரோட்ஸின் சிலையை அகற்ற வைத்தபின், அங்கே பாடத்திட்ட மாற்றக் குழு அமைந்தது. அதன் தலைமையில் இருந்தவர்களில் ஒருவரான எலெல்வானி ராமுகோண்டோ இந்தத் துறைப் பேராசிரியர். இவர்களுடைய கேள்வி வேறு: யாருக்கு எந்த வேலை மறுக்கப்பட்டது, யார்மேல் எது சுமத்தப்பட்டது?

நான் இந்தப் பக்கம்தான். வேலை வாழ்வுக்கு அர்த்தம் தருகிறது என்று முதலாண்டிலேயே எழுத வைக்கிறோம். பிறப்பை வைத்து மலமள்ளும் வேலையைச் சுமத்திய நாட்டில் அந்த வாக்கியத்தை எப்படிக் கேள்வியில்லாமல் ஒப்பிக்க முடியும்? காலனிய நீக்கம் என்று சொல்லி 'நம் மரபு'க்குத் திரும்பினால் குலத்தொழிலையே போற்றி முடிப்போம். முதலிரண்டு வழிகளும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே நடக்க முடியும். மூன்றாவதால் முடியாது.

சிரமம் உண்டு. சேரியில், மலைக்கிராமத்தில் மாணவரோடு நிற்க ஆசிரியர் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மருத்துவமனையில் மட்டுமே பழகியவர்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு கேட்கும் 1000 மணி நேரக் களப்பயிற்சி இதற்குத் தடையல்ல; பாடம் உள்ளூர்த் தேவையைத் தழுவ வேண்டும் என்று அதன் தரநிலைகளே சொல்கின்றன. அந்த மணிகளில் கணிசமான பங்கை முதலாண்டிலிருந்தே ஊருக்குள் வைக்கலாம்.

அந்த விவசாயியின் வீட்டுக்குக் கடைசியில் போனேன். என்ன வேணும் என்று அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். பட்டையில் கரண்டியைச் செருகி வலது உள்ளங்கையில் கட்டினோம். நாலு வாய் அந்தக் கையால் சாப்பிட்டார். மீதியை மனைவி பிசைந்து ஊட்டினார். அளவுகோலில் 5. அடுத்து வந்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தார்.