எட்கர்: அரிஸ்டா பங்குக்காரர்கள் முதலில் திறக்க வேண்டிய தளம்

நெட்வொர்க் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். என்விடியா உள்ளே புகுந்துவிட்டது, சிஸ்கோ விட்ட இடத்தைப் பிடிக்கிறது, ஒயிட் பாக்ஸ் என்ற பிராண்டு இல்லாத மலிவுப் பெட்டி வந்து விலையைக் கெடுக்கிறது, மேலிடத்தில் இருப்பவர்களே பங்கை விற்கிறார்களாம். இதில் பாதிக்கு விடை காசில்லாமல், பெயர் பதியாமல் கிடைக்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசி, கம்பெனிகள் தாக்கல் செய்யும் அறிக்கைகளைப் போட்டு வைக்கும் எட்கர் தளத்தைத்தான் சொல்கிறேன். சோதித்துப் பார்க்க அரிஸ்டா நெட்வொர்க்ஸை எடுத்துக்கொண்டேன். அதைச் சுற்றித்தான் சத்தம் அதிகம், ஆனால் தொழில் என்னவோ எளிமையானது: டேட்டா சென்டர்களுக்கு, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் விற்கிறார்கள், அதில் ஓடும் ஈஓஎஸ் மென்பொருளை எழுதுகிறார்கள், சிப்பைப் பெரும்பாலும் பிராட்காமிடம் வாங்குகிறார்கள்.

தளத்தின் தோற்றத்தைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். அரசு அலுவலகக் களை சொட்டும். ஏஎன்இடி என்ற குறியீட்டைத் தட்டினால் நீளமான பட்டியல் ஒன்று விழும், எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர். ஆண்டறிக்கைக்கு 10-கே, காலாண்டறிக்கைக்கு 10-கியூ, இடையில் ஏதாவது நடந்தால் 8-கே, இயக்குநரோ அதிகாரியோ பங்கை வாங்கி விற்றால் படிவம் 4. இந்த நாலும் பழகிவிட்டால் போதும், மற்றதை எல்லாம் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

10-கேயைத் திறந்து மைக்ரோசாஃப்ட் என்று தேடிப் பாருங்கள். மொத்த விற்பனையில் பத்து சதவீதத்தைத் தாண்டும் வாடிக்கையாளரை அரிஸ்டா பெயர் சொல்லியே எழுதுகிறது. 2023இல் மெட்டா 21 சதவீதம், மைக்ரோசாஃப்ட் 18. 2024இல் மைக்ரோசாஃப்ட் 20, மெட்டா ஏறக்குறைய 15. ஆக 2024இல் வந்த சுமார் 700 கோடி டாலர் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டே பேருடைய பணம். இந்த ஒரு பத்தியைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் பேச்சே வேறாக இருக்கும். அரிஸ்டா பங்கை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது அந்த இரண்டு கம்பெனிகள் டேட்டா சென்டருக்கு எவ்வளவு செலவழிக்கப் போகின்றன என்பதைத்தான். சுவிட்ச் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அது தெரிந்தவுடன் எட்கரின் அசல் பயன் பிடிபடும். அதே தளத்தில் மெட்டாவையும் மைக்ரோசாஃப்டையும் திறக்கலாமே. 2025 ஜனவரி 27 நினைவிருக்கும், டீப்சீக் என்ற சீன ஏஐ கிளப்பிய பயத்தில் சந்தை ஆடிய நாள். ஏஐ இனி குறைந்த செலவில் முடிந்துவிடும், இத்தனை டேட்டா சென்டர் எதற்கு என்ற பேச்சில் அரிஸ்டா பங்கு அந்த ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இரண்டு நாள் கழித்து, 29ஆம் தேதி, மெட்டா தாக்கல் செய்த 8-கேயின் இணைப்பில் அந்த ஆண்டு மூலதனச் செலவு, அதாவது டேட்டா சென்டர் போன்றவற்றுக்குப் போடும் பணம், 6,000 முதல் 6,500 கோடி டாலர் என்று இருந்தது. முந்தைய ஆண்டு செலவு 3,900 கோடியைச் சற்றே தாண்டியது. பணம் கொடுக்கிறவர் கையைச் சுருக்கவில்லை என்பது கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. பீதியில் விற்றவர்களும் அதைப் படித்திருக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும், அதையும் சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபர் கடைசியில் அரிஸ்டா அடுத்த காலாண்டுக்குச் சொன்ன மதிப்பீடு சந்தை நினைத்ததைவிட மிகக் குறைவாக இருந்தது, பெரிய கிளவுட் வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரைக் குறைத்துக்கொண்டார் என்று காரணம் சொன்னார்கள். மறுநாள் பங்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. திடீரென்று வந்த இடி என்று அப்போது புலம்பியவர்கள் உண்டு. சில வாடிக்கையாளரையே பெரிதும் நம்பியிருக்கிறோம், அவர்கள் வாங்குவது காலாண்டுக்குக் காலாண்டு ஏறி இறங்கும் என்று 10-கேயின் அபாயப் பகுதியில் ஆண்டுதோறும் எழுதி வந்ததுதான் அது. அந்தப் பகுதியில் பூகம்பம், வழக்கு, நோய்த்தொற்று என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பக்கங்கள் ஏராளம், படித்தால் தூக்கம் வரும், அதற்குள் புதைந்திருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

மேலிடத்து விற்பனைக்கு வருவோம். அதிகாரி பங்கை விற்றால் இரண்டு வேலை நாளுக்குள் படிவம் 4 தாக்கலாக வேண்டும். அந்தப் படிவத்தின் மேற்பகுதியில் 2023 ஏப்ரலிலிருந்து சின்னக் கட்டம் ஒன்று இருக்கிறது. 10பி5-1 என்ற விதிப்படி பல மாதம் முன்பே போட்டு வைத்த திட்டத்தின் கீழ் விற்றது என்றால் அதில் குறி இருக்கும், கீழே அடிக்குறிப்பில் திட்டத்தை எந்தத் தேதியில் போட்டார்கள் என்பதும் இருக்கும். கட்டத்தில் குறி இருந்தால் நேற்றைய செய்தியைப் பார்த்து அவர் விற்கவில்லை என்று அர்த்தம். உள்ளே இருப்பவர்களே ஓடுகிறார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். பல நேரம் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

என்விடியா பயம் மட்டும் வெறும் பயமில்லை. நெட்வொர்க் கருவி செய்யும் மெலனாக்ஸ் கம்பெனியை 2019இல் வாங்கப் போவதாக அறிவித்து அடுத்த ஆண்டு வாங்கி முடித்தார்கள். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டுக்கான அவர்களுடைய 10-கேயைப் பாருங்கள், நெட்வொர்க்கிங் வருவாய் மட்டும் சுமார் 1,300 கோடி டாலர். அரிஸ்டாவின் மொத்த விற்பனையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கணினிகளை இணைக்க என்விடியா விற்கும் இன்ஃபினிபேண்டா, அரிஸ்டா விற்கும் ஈதர்நெட்டா என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்கும். ஈதர்நெட் பக்கம் ஆள் சேர்ந்திருப்பதும் உண்மைதான். அரிஸ்டா, பிராட்காம், சிஸ்கோ, மெட்டா, மைக்ரோசாஃப்ட் எல்லாரும் 2023இல் அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஆனால் என்விடியாவும் ஸ்பெக்ட்ரம்-எக்ஸ் என்று ஈதர்நெட்டையே விற்கிறது, அதனால் ஈதர்நெட் ஜெயித்தால் அரிஸ்டா ஜெயித்ததாகிவிடாது.

10-கியூவில் நான் பார்க்கச் சொல்வது இரண்டு வரி. ஒன்று ஒத்திவைத்த வருவாய். பெட்டியை அனுப்பியாகிவிட்டது, வாடிக்கையாளர் இன்னும் சோதித்து ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பணம் விற்பனையில் சேராமல் அங்கே உட்கார்ந்திருக்கும். அது வீங்கினால் பின்னால் வருவாயாக மாறலாம், எந்தக் காலாண்டில் என்பதை மட்டும் வெளியிலிருந்து கணிக்க முடியாது. இன்னொன்று கையிருப்புச் சரக்கும், சப்ளையர்களிடம் வாங்குவதாகக் கொடுத்த வாக்குறுதிகளும். இதன் அருமை தெரிய சிஸ்கோவின் பழைய அறிக்கைகளைத் திறக்க வேண்டும். 2000 மார்ச்சில் உலகிலேயே மதிப்பு மிக்க கம்பெனி, 2001 மே மாதம் 220 கோடி டாலருக்கு மேல் சரக்கைக் கணக்கிலிருந்து தள்ளினார்கள். அதற்கு முந்தைய காலாண்டுகளிலேயே கையிருப்பு ஏறிக்கொண்டே வந்தது தாக்கல் செய்த அறிக்கைகளில் அப்படியே இருக்கிறது. அன்றைய உச்ச விலையை அந்தப் பங்கு மறுபடி தாண்ட 2025 டிசம்பர் ஆயிற்று.

சரி, குறைகள். காலாண்டு முடிவு அன்று அதிகாரிகள் ஆய்வாளர்களோடு பேசுவார்களே, அந்தப் பேச்சின் எழுத்து வடிவம் எட்கரில் பெரும்பாலும் இருக்காது. செய்தி அறிக்கை மட்டும் 8-கேயோடு 99.1 என்ற இணைப்பாக வரும், புதிதாக வருபவருக்கு அந்த எண்ணுக்குள் நுழைய வேண்டும் என்றே தெரியாது. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார்கள். வார்த்தையை வைத்து அறிக்கைகளுக்குள் தேடும் வசதி 2001க்கு முன்னால் போகாது. அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி மாலை ஐந்தரைக்கு மேல் வரும் பல படிவங்களுக்கு அடுத்த வேலை நாள் தேதி விழும், தேதியை மட்டும் பார்த்தால் வரிசை குழம்பும். கைபேசியில் அட்டவணைகள் திரையைத் தாண்டி ஓடும், கணினி இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

இன்னொரு பெரிய ஓட்டை, நீதிமன்றம். ஹெச்பிஇ (ஹியூலெட் பேக்கார்ட் எண்டர்பிரைஸ்) 2024 ஜனவரியில் இன்னொரு நெட்வொர்க் கம்பெனியான ஜூனிப்பரைப் பங்குக்கு 40 டாலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது, மொத்தம் 1,400 கோடி. 2025 ஜனவரி கடைசியில் அமெரிக்க அரசின் நீதித்துறை, போட்டி குறையும் என்று சொல்லி இணைப்பைத் தடுக்க வழக்குப் போட்டது, ஜூன் மாதம் சமரசம், ஜூலை 2 அன்று கைமாற்றம் முடிந்தது. வழக்கு வந்தது, சமரசம் ஆனது எல்லாம் 8-கேயில் வந்துவிடும். எதிர்த்தரப்பு என்ன வாதாடியது என்பது எட்கரில் கிடையாது, அதற்கு நீதித்துறையின் தளத்துக்கும் நீதிமன்றப் பதிவுகளுக்கும் போக வேண்டும். இணைப்பு நடக்குமா நடக்காதா என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கு எட்கர் பாதி வழிதான்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. மாதச் சந்தா கட்டும் சேவைகள் பலவும் இங்கிருந்து எடுத்த எண்களைத்தான் அழகான வரைபடமாக்கித் தருகின்றன. அழகு வேண்டுமென்றால் கொடுங்கள், தப்பில்லை. அரிஸ்டாவின் 10-கே பிப்ரவரி வாக்கில் வரும். அந்த இரண்டு வாடிக்கையாளர் சதவீதத்தையும், பத்தைத் தாண்டி மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு மற்ற பக்கங்களுக்குப் போங்கள்.