நான்கு குளிர்காலம் தாண்டிய பழைய தார் டிரைவ்வே

லண்டன் ஹாரோவில் நாங்கள் வாங்கிய வீட்டு டிரைவ்வேயில், அதாவது கார் நிறுத்தும் முன்தளத்தில், எந்தக் காலத்தில் தார் போட்டார்கள் என்று தெரியாது. குடிவந்தபோதே கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாகி, மேல் ஜல்லி உதிர ஆரம்பித்திருந்தது. பொடிக்கல் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஹால் வரை வரும். வெறுங்காலில் மிதித்தால்தான் அதன் அருமை தெரியும்.

சுமார் 45 சதுர மீட்டர். அதன்மேல் 30 மில்லிமீட்டர் புதுத் தார் போட ஒருவர் 2,600 பவுண்ட் கேட்டார், இன்னொருவர் 3,100. காசு ஒருபக்கம் இருக்கட்டும், சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலத்துக்குக் கீழே தரை 150 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்த இடைவெளி ஏற்கெனவே மட்டுமட்டு. நடுவில் ஒருவர் கதவைத் தட்டி, பக்கத்துத் தெரு வேலையில் தார் மீந்துவிட்டது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். இந்த ஊரின் பழைய ஏமாற்று அது. வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன்.

2021 ஜூனில் நானே இறங்கினேன். வெயிலும் காற்றும் பட்டு கல்லை ஒட்டிவைக்கும் பிட்டுமென் என்ற கறுப்புப் பசை மேலே காய்ந்து இறுகிவிடுகிறது, பிடிப்பு போய்ச் சிறுகல் கழல்கிறது. டின்னில் விற்கும் ரெஸ்டோரர் என்ற கறுப்புப் பூச்சு இந்த மேல்தோலுக்கு மட்டும்தான் மருந்து. அடித்தளம் அமுங்கி, தரை முதலைத்தோல் மாதிரி வெடித்திருந்தால் அதைப் பூசுவது வீண். எங்களுக்கு நல்லகாலம், கேட் பக்கம் இரண்டு குழிகளோடு சரி.

வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். பாசிக்கொல்லி தெளித்து ஒரு வாரம் விட்டு, பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்துக் கழுவினேன். நாசிலைக் கிட்டே கொண்டுபோனால் பாசியோடு கல்லும் பிய்ந்து வருகிறது. எண்ணெய் சொட்டிய இடத்தில் தார் கரைந்து கொழகொழவென்று இருந்தது, சுரண்டித்தான் எடுத்தேன். குழிகளுக்கு சூடாக்காமலே போடக்கூடிய ‘கோல்ட்-லே’ (cold-lay) தார், 25 கிலோவில் மூன்று மூட்டை. அடுக்கடுக்காகக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்தேன், மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை.

ரெஸ்டோரர் 20 லிட்டர் டின் இரண்டு வாங்கினேன். காய்ந்த தரை முதல் கோட்டிலேயே 14 லிட்டரைக் குடித்தது, இரண்டாவதற்கு 9 போதுமாக இருந்தது. எல்லாம் சேர்த்து 300 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு.

இரண்டு தவறு செய்தேன். இரண்டாவது கோட்டை மாலை ஏழு மணிக்கு மேல் ஆரம்பித்தது ஒன்று. இருட்டும்போது பனி இறங்கி, காயாமலேயே கிடந்தது. விடிந்து பார்த்தால் கேட்டிலிருந்து குப்பைத்தொட்டி வரை நரி நடந்த தடம், நகம் உட்பட அப்படியே பதிந்திருக்கிறது. அடுத்தது, மீந்ததை ஷெட்டில் வைத்தது. அது நீர் கலந்த ரகம். ஜனவரிக் குளிரில் உறைந்து, திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது.

சரி, எப்படி உழைத்தது? முதல் வருஷம் புதுசு போலவே இருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில், காரை நிறுத்தி வைத்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பும் இடத்தில் பிறை வடிவத்தில் சாம்பல் எட்டிப் பார்த்தது. மூன்றாவதில் வேலியோர நிழலில் பாசி திரும்பிவிட்டது, அதற்கு வருஷம் ஒருமுறை மருந்தடிக்க வேண்டும். குழிகளில் ஒன்று உறுதியாக நிற்கிறது. ஓரத்தைச் சதுரமாக வெட்டாமல் அவசரத்தில் நிரப்பிய மற்றது விரலளவு இறங்கிவிட்டது. உறைபனிக் காலையில் முன்பைவிடக் கொஞ்சம் வழுக்கும், அப்பா வந்தால் கைபிடித்துத்தான் கூட்டிவருகிறேன். ஆனால் ஹாலுக்குள் கல் வருவது அடியோடு நின்றுவிட்டது. எனக்கு அதுவே 300 பவுண்ட் பெறும்.

இந்தக் கோடையில் சக்கரம் போகும் இடங்களில் மட்டும் ஒரு கோட் அடிக்கப் போகிறேன். நரித்தடத்தின் மேல் பிரஷ் படக்கூடாது என்று மகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.