சிறுநீரகக் கல் வலிக்கு முதலில் எந்த ஸ்கேன்: அல்ட்ராசவுண்டா, சிடியா?

முதல் தடவை கல் வலி வந்தது நடு இரவில். இடது விலாவில் பிடித்துத் தொடை வரை இறங்கியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வலி ஊசி போட்ட கையோடு சிடி எடுத்தார்கள். 4 மி.மீ. கல், மூன்று வாரத்தில் தானே வெளியேறியது. சில ஆண்டுகள் கழித்து வலது பக்கம் அதே வலி. இந்த முறை, "முதல்ல அல்ட்ராசவுண்ட் பார்த்துடலாமா டாக்டர்?" என்று நானே கேட்டேன். அவரும் சரி என்றார். இரண்டிலும் படுத்து எழுந்தவன் என்ற முறையில் என் ஓட்டு அல்ட்ராசவுண்டுக்கு.

சிடியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சில நிமிடங்களில் முடிந்துவிடும், படத்துக்கான சாய மருந்தும் ஏற்ற வேண்டாம். கல்லின் அளவு, இடம், கடினம் எல்லாம் துல்லியமாகத் தெரியும். அல்ட்ராசவுண்டில், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதியில் நிற்கும் சிறு கல் தப்பிவிடும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால் வலியோடு தண்ணீர் குடிக்க வேண்டும்; அது கொடுமைதான்.

ஆனால் படம் தெளிவாக இருப்பது ஒன்று, அந்தத் தெளிவால் சிகிச்சை மாறுவது வேறொன்று. மதிப்பு சார்ந்த மருத்துவம் என்று இப்போது பேசுகிறார்களே, அதில் கேட்பது இதைத்தான்: செலவழித்த பணத்துக்கு நோயாளி எவ்வளவு தேறினார்? அமெரிக்காவில் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கல் வலி என்று வந்த 2,759 பேரை முதலில் சிடி, முதலில் அல்ட்ராசவுண்ட் என்று பிரித்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது. முதல் பரிசோதனையில் கல்லைக் கண்டுபிடிப்பதில் சிடிதான் முந்தியது. ஆனால் ஆபத்தான நோய் கண்ணில் படாமல் போய்ச் சிக்கலானதிலோ, ஒரு வாரம் கழித்து இருந்த வலியிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஸ்கேன் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் அல்ட்ராசவுண்ட் பார்த்த நோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கே பிறகு சிடி தேவைப்பட்டது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இதுகூட இல்லை. கல் திரும்பத் திரும்ப வரும் நோய். ஒரு முறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடி வருகிறது. ஒவ்வொரு வலிக்கும் ஒரு ஸ்கேன், கல் இறங்கியதா என்று பார்க்க இன்னொன்று. வழக்கமான வயிற்றுச் சிடி ஒன்றில் சுமார் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. உலக சராசரியில் இயற்கையாக நம்மேல் படுவது ஆண்டுக்கு 2.4 தான். முப்பது வயதில் கல் ஆரம்பித்தவர் ஐம்பதுக்குள் எத்தனை சிடிக்குள் போய் வர வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கல்லுக்கென்றே குறைந்த கதிரில் எடுக்கும் சிடி உண்டு, அதில் 3-க்குள் அடங்கும். சிடிதான் வழி என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். செலவும் அப்படியே கூடும்: ஒரு சிடிக்கு நான் கட்டிய பணத்தில் மூன்று, நான்கு அல்ட்ராசவுண்ட் பார்த்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிடியில் படத்தைப் படித்தவரை நான் பார்க்கவே இல்லை. அல்ட்ராசவுண்டில் அந்த ரேடியாலஜிஸ்ட் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, "எங்க வலிக்குது, காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்டுக்கொண்டே பார்த்தார். பழைய ரிப்போர்ட்டை வாங்கி ஒப்பிட்டார். ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரில், நீர்ப்பைக்குள் சிறுநீர் பீச்சி விழுவதைக் காட்டி, வலது குழாய் முழுசாக அடைபடவில்லை என்றார். காத்திருக்கலாம் என்று சிறுநீரியல் மருத்துவரான யூராலஜிஸ்ட் முடிவெடுக்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்த வலி, ஒற்றைச் சிறுநீரகம், மருந்துக்கும் அடங்காத வலி என்றால் சிடிக்குத் தயங்கக் கூடாது. கல்லை உடைப்பதா, உள்ளே போய் எடுப்பதா என்று திட்டமிடவும் அதுதான் வேண்டும். நான் ஒல்லியான ஆள், என் கல்லும் நீர்ப்பையை ஒட்டி நின்றது. அதனால் அல்ட்ராசவுண்டில் சுலபமாகத் தெரிந்தது. பருமனானவர்களுக்கு அந்த வசதி குறைவு, என் அனுபவத்தை அப்படியே அவர்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்று வாரம் கழித்து மறுபடி அல்ட்ராசவுண்ட். வலது சிறுநீரக வீக்கம் வடிந்திருந்தது, இரண்டு பக்கமும் சிறுநீர் பீச்சியது, கல் இல்லை. அந்த ரிப்போர்ட்டையும் பழைய சிடி ஃபிலிமோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.