மெயில் ஹெடர்: ஃபோனில் வழி சொல்லிப் பார்க்க வைக்க எது சுலபம்?

சித்தப்பா ஒரு மெயிலை எனக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு ஃபோனும் பண்ணினார். "பார்சல் வந்திருக்காம், முப்பத்தஞ்சு ரூபா கட்டச் சொல்றான். நெஜமாடா?" ஹெடர், அதாவது மெயில் யாரிடமிருந்து எந்த வழியாக வந்தது என்று பதிவாகியிருக்கும் பகுதி, அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று திறந்தேன். அதில் இருந்தது சித்தப்பாவிடமிருந்து எனக்கு அந்த மெயில் வந்த வழி மட்டும். அவருக்கு அனுப்பியவன் யார் என்கிற தடயம் ஒன்றுமே இல்லை. ஃபார்வர்டு என்றால் அப்படித்தான்: கடிதத்தை எடுத்துப் புது உறையில் போட்டாயிற்று, தபால் முத்திரை பழைய உறையோடு குப்பைக்குப் போயிற்று.

சரி, அவருடைய கம்ப்யூட்டரிலேயே பார்க்க வைப்போம் என்று வழி சொல்ல ஆரம்பித்தேன். அன்றிலிருந்து மெயில் மென்பொருள்களை இந்த ஒரு விஷயத்தில் நான் எடை போடுவது இப்படித்தான்: திரையைப் பார்க்காமல், ஃபோனிலேயே சொல்லி, எதிர்முனையில் இருப்பவரை முழு ஹெடர் வரை கொண்டுபோக முடிகிறதா?

கம்ப்யூட்டர் பிரௌசரில் ஜிமெயில் என்றால் முடிகிறது. மெயிலைத் திறந்து, வலது மேல் பக்கம் ரிப்ளை அம்புக்குறிக்கு அடுத்த மூன்று புள்ளி, அதில் 'ஷோ ஒரிஜினல்'. புதிய டேப் திறக்கும். ஜிமெயில் இங்கே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஹெடரை அப்படியே கொட்டாமல், மேலே ஒரு சின்ன அட்டவணை போட்டு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று அனுப்பிய இடத்தைச் சரிபார்க்கும் மூன்று சோதனைகளின் முடிவையும், மெயில் எத்தனை நொடியில் வந்து சேர்ந்தது என்பதையும் காட்டுகிறது. சித்தப்பா வாசித்தே காட்டிவிட்டார்: "பாஸ், பாஸ், பாஸ். அப்போ நல்ல மெயில்தானே?"

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பாஸ் என்றால் அந்த டொமைனின் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) பெயரில் அனுப்ப அனுமதி உள்ள இடத்திலிருந்துதான் மெயில் வந்தது என்று அர்த்தம். அந்த டொமைன் யாருடையது என்பது வேறு கேள்வி. மோசடிக்காரன் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி ஒழுங்காக அமைத்திருந்தால் அவனுக்கும் மூன்று பாஸ் கிடைக்கும். "டிகேஐஎம் வரியில பாஸுக்குப் பக்கத்துல ஒரு பேர் இருக்கும், படிங்க" என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். ஏதோ ஒரு ஊர்ப் பூக்கடையின் இணையதளம். பார்சல் கம்பெனிக்கும் பூக்கடைக்கும் என்ன சம்பந்தம்? அவ்வளவுதான், வேலை முடிந்தது.

கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் மெயில் மென்பொருளான தண்டர்பேர்டு இதைவிடச் சுருக்கு. மெயிலைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் யு எழுத்தும் சேர்த்து அழுத்தினால் மொத்த மூலமும் தனி ஜன்னலில் வரும். ஃபோனில் சொல்ல இதைவிட எளிதான வழி கிடையாது. ஆனால் ஜிமெயில் போல மேலே அட்டவணை இருக்காது. வந்து நிற்பது நூறு வரிக் காடு. எனக்கு அது பிடிக்கும், சித்தப்பாவுக்கு மயக்கம் வரும். ஆப்பிள் மெயிலும் இதே ரகம்தான். மேக்கில் ஷிஃப்ட், கமாண்ட், எச் அழுத்தினால் மெயிலின் தலையிலேயே எல்லா ஹெடரும் விரியும்.

பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்தான் பொறுமையைச் சோதிப்பது. மெயிலை இரட்டைக் கிளிக் செய்து தனி ஜன்னலில் திறக்க வேண்டும். அப்புறம் ஃபைல், அதில் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே கீழே 'இன்டர்நெட் ஹெடர்ஸ்' என்று தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதற்குள் ஸ்க்ரோல் செய்து படிப்பது வீண் வேலை. உள்ளே கிளிக் செய்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டித்தான் படிக்க வேண்டும். பிரௌசரில் திறக்கும் அவுட்லுக் எவ்வளவோ தேவலை: மூன்று புள்ளி, 'வியூ', அதற்குள் மெசேஜ் விவரம். யாஹூவிலும் மூன்று புள்ளிதான், 'வியூ ரா மெசேஜ்'.

மொபைலில்? ஜிமெயில் ஆப்பிலும் ஐஃபோனின் மெயில் ஆப்பிலும் இந்த வசதியே இல்லை. தேடி நேரத்தை வீணாக்காமல் கம்ப்யூட்டருக்குப் போய்விடுவது உத்தமம்.

அட்டவணை இல்லாத இடத்தில் சிக்கினால் இரண்டு விஷயம் போதும். 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் முத்திரையை மேலே மேலே குத்திக்கொண்டு போகிறது. நம் மெயில் நிறுவனத்தின் சர்வர் குத்தியதை நம்பலாம். அதற்குக் கீழே இருப்பதை அனுப்பியவன் தானே எழுதிச் சேர்த்திருக்கவும் கூடும். இன்னொன்று நேரம். கூகுள் சர்வர்கள் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தைப் போடுகின்றன. பக்கத்துத் தெரு நண்பர் காலை 9.30க்கு அனுப்பியது, கோடையில் முந்தின நாள் இரவு 9.00, கழித்தல் 0700 என்று காட்டும். அதைப் பார்த்து அமெரிக்காவிலிருந்து யாரோ ஹேக் செய்துவிட்டான் என்று பதற வேண்டாம்.

படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் ஒப்படைக்கலாம். அதற்கு ஸ்க்ரீன்ஷாட் உதவாது, மெயிலே கோப்பாக வேண்டும். ஜிமெயிலில் அதே பக்கத்தில் 'டவுன்லோட் ஒரிஜினல்' இருக்கிறது. மெயிலை அட்டாச்மென்ட்டாகவே ஃபார்வர்டு செய்யவும் முடியும். தண்டர்பேர்டிலும் உண்டு. இரண்டும் தருவது இஎம்எல் கோப்பு, பெரும்பாலான மெயில் மென்பொருள்களில் திறக்கும். பழைய அவுட்லுக் தருவது எம்எஸ்ஜி, அதைத் திறக்க எதிராளியிடமும் பெரும்பாலும் அவுட்லுக் வேண்டும். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

சித்தப்பா பணம் கட்டவில்லை. அட்டாச்மென்ட்டாக அனுப்பக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். இப்போது எனக்கு எதை அனுப்பினாலும் இஎம்எல் கோப்பாகத்தான் அனுப்புகிறார். நேற்று வந்தது ஊர்க் கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ்.