முதலில் ஆலை, பிறகு கட்டுப்பாடா? இரண்டும் சேர்ந்தேவா?

எத்தனால் ஆலையை வடிவமைக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில் தொட்டி, வடிகலன் (கொதிக்க வைத்து எத்தனாலை நீரிலிருந்து பிரிக்கும் கலன்), குழாய் எல்லாம் செலவு குறைவாக வரும்படி முடிவாகும். அப்புறம்தான் ஆலையின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் கட்டுப்பாட்டுப் பொறியாளரைக் கூப்பிடுவார்கள். வேலை சுலபமாகப் பிரியும். மூலப்பொருள் மாறாத ஆலைக்கு இது போதும்.

ஆனால் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுத்தால் அப்படி இல்லை. இன்று வரும் கட்டின் ஈரம் நேற்றையது போல இருக்காது. சர்க்கரை அளவு மாறும், நொதித்த திரவத்தில் எத்தனாலும் மாறும். ஒரு வடிகலனின் ஆவியை வைத்து இன்னொன்றைக் கொதிக்க வைத்தால் நீராவி நிறைய மிச்சம்தான். ஆனால் முதல் கலன் தடுமாறினால் அடுத்ததும் சேர்ந்து தடுமாறும்.

இரண்டாவது வழியில், ஆலையையும் கட்டுப்பாட்டையும் சேர்த்து வடிவமைத்தால் இந்தத் தடுமாற்றம் ஆரம்பக் கணக்கிலேயே வந்துவிடும். இடையில் ஏற்ற இறக்கத்தைத் தாங்க ஒரு தாங்கல் தொட்டி, துணைக் கொதிப்பான் என்று முதலீடு சற்றுக் கூடலாம். கணக்கீடும் நீளம். ஆனாலும் வைக்கோலுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சாதாரண வடித்தலில் எத்தனால் எடையில் சுமார் 95.6 சதவீதத்தைத் தாண்டாது; மீதி நீரைப் பெரும்பாலும் மூலக்கூறு சல்லடை (நுண்துளைகளில் நீரைப் பிடித்து வைக்கும் பொருள்) எடுக்கும். வடிகலன் தடுமாறி, வரும் ஆவியில் நீர் கூடினால், அந்தச் சல்லடை சீக்கிரமே நிரம்பிவிடும்.