பெயர் மாறிய கல்லூரியில் படித்தவர்களுக்கு டிஜிலாக்கர் எந்த அளவுக்கு உதவும்?

சான்றிதழ்களை இணையத்தில் பெற்று வைத்துக்கொள்ள அரசு நடத்தும் டிஜிலாக்கர், அண்மைக் காலத்தில் பட்டம் பெற்றவர்களுக்கு அருமையான சேவை. கட்டணமில்லை, அலையவும் வேண்டாம். அதில் ‘வெளியிடப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் வரும் சான்றிதழுக்குச் சட்டப்படி அசலுக்கு நிகரான மதிப்பு உண்டு. ஆனால் சான்றிதழில் உள்ள கல்லூரிப் பெயரோ பல்கலைக்கழகப் பெயரோ இன்று வழக்கில் இல்லையென்றால், இந்தச் சேவை பாதி வழிதான் கொண்டுவிடும்.

முதலில் வழிமுறை. ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண்ணால் கணக்குத் தொடங்க வேண்டும். தேடலில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, பட்டச் சான்றிதழா மார்க்‌ஷீட்டா என்று குறித்து, ரிஜிஸ்டர் நம்பரையும் தேர்ச்சி ஆண்டையும் கொடுத்தால் ஆவணம் வந்துவிடும். கேட்கும் விவரங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும். ஆதாரில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் ஆவணம் வராமல் நின்றுவிடும். இன்ஷியல் முன்னே இருப்பது, பின்னே இருப்பது, விரித்து எழுதியிருப்பது எல்லாமே நம் ஊர்ப் பெயர்களில் சிக்கல்தான்.

பெயர் மாறிய நிறுவனமென்றால், அது ஏன் மாறியது என்று தெரிந்துகொள்ளாமல் தேடுவது வீண். காரணத்தைப் பொறுத்துத்தான் பழைய பதிவேடு யாரிடம் இருக்கிறது என்பது அமையும்.

எளிதான வகை, பெயர்ப்பலகை மட்டும் மாறியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கி, 1978இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. நிறுவனம் ஒன்றே, பதிவேடும் ஒன்றே. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, 123 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தம் பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உத்தரவிட்டதும் இதே வகை. வி.ஐ.டி. யுனிவர்சிட்டி, எஸ்.ஆர்.எம். யுனிவர்சிட்டி என்று அச்சான பட்டங்கள் அதனால் செல்லாமல் போகவில்லை. இவற்றுக்கெல்லாம் இன்றைய பெயரில் தேடினால் போதும்.

தரம் உயர்ந்ததால் பெயர் மாறியிருந்தால் கவனம் தேவை. திருச்சி ஆர்.இ.சி. (மண்டலப் பொறியியல் கல்லூரி) இன்று என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்). ஆனால் ஆர்.இ.சி.யாக இருந்த காலத்தில் அது பட்டம் வழங்கவில்லை. 1982க்கு முன் சென்னைப் பல்கலைக்கழகமும் அதன் பிறகு பாரதிதாசன் பல்கலைக்கழகமும் வழங்கின. அந்தக் காலத்துப் பட்டத்தை என்.ஐ.டி. பெயரில் தேடுவது தவறான கதவைத் தட்டுவது. கல்லூரியின் பெயர் மாறாமலே இதே குழப்பம் வருவதும் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் 1985இல் வாங்கிய பட்டம் மதுரை காமராசருடையது. அந்தப் பகுதிக் கல்லூரிகள் இன்று சார்ந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்ததே 1990இல்தான்.

மிகவும் சிக்கலானது அண்ணா பல்கலைக்கழகம். 2007இல் அது சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி எனப் பிரிந்தது. மதுரை 2010இல் சேர்ந்தது. 2012இல் எல்லாம் மீண்டும் ஒன்றாகின. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தவர்களின் மார்க்‌ஷீட்டில் இன்று இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் நிற்கிறது. வேலைக்கு எடுக்கும் நிறுவனம் யூஜிசியின் இன்றைய பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. போலியோ என்ற சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது. படித்தவர் மீது எந்தத் தவறும் இல்லாமலே அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இணைப்புக்குப் பின் பொறுப்பு கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்துடையது என்பதால், சரிபார்ப்புக்கு அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

டிஜிலாக்கரின் பெரிய குறை இங்கேதான். பல்கலைக்கழகம் எந்த ஆண்டுவரை பதிவேற்றியிருக்கிறதோ அதுவரைதான் கிடைக்கும். பெரும்பாலும் பழைய ஆண்டுகளே விடுபட்டிருக்கும். நாமே ஸ்கேன் செய்து ஏற்றும் நகல் வேறொரு பகுதியில் சேரும்; அதற்கு அசலின் மதிப்பு கிடையாது. இரண்டையும் ஒன்றென நினைத்து நேர்காணலுக்குப் போய்விடக் கூடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பக்கத்திலும் முன்னாள் பெயர்களையும் மாறிய ஆண்டையும் ஒரு வரியில் காட்டினாலே பாதித் தொல்லை தீரும். அரசாங்கமே நடத்தும் சேவை இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

ஆவணம் கிடைக்காதவர்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பாட மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரப்பூர்வப் பதிவு) கேட்டு விண்ணப்பிக்கலாம். எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட் நகலும், பட்டச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். கூடவே, ‘முன்பு இன்ன பெயரில் இருந்த நிறுவனம் இப்போது இன்ன பெயரில் இயங்குகிறது’ என்று பதிவாளர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றையும் கேட்டு வாங்குவது நல்லது. பெயர் மாற்றத்துக்கான சட்டத்தின் நகலோ அரசிதழ் அறிவிப்போ சேர்ந்தால் இன்னும் வலு. நம் பட்டத்தின் தகுதியைச் சரிபார்க்கும் வெளிநாட்டு மதிப்பீட்டு நிறுவனங்கள் பலவும் டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திடமிருந்தே நேரடியாகவோ, முத்திரையிட்ட உறையிலோ வர வேண்டும் என்று கேட்கும். உறையை நாம் பிரித்துவிட்டால் பயனில்லை.

விண்ணப்பப் படிவத்தில் சான்றிதழில் அச்சாகியுள்ள பெயரையே எழுதவும். இன்றைய பெயரைக் குறிப்புப் பகுதியில் தனியாகத் தரவும். ஆங்கிலப் படிவங்களில் ‘யுனிவர்சிட்டி ஆஃப் சென்னை’ என்று நிரப்புவோர் உண்டு. நகரத்தின் பெயர் 1996இல் மாறினாலும் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் ‘யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’தான். சென்னை ஐ.ஐ.டி.யும் அப்படியே, ஆங்கிலத்தில் ‘ஐ.ஐ.டி. மெட்ராஸ்’தான்.